வயிற்றில் இருப்பதும் உடம்பில் இருப்பதும்

திருமயத்துக்குத் தெற்கே ஒரு கண்மாயில் சென்ற வைகாசியில் மீன்பிடித் திருவிழா நடந்தது. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று துண்டை வீசுவார். சுற்றுப்பட்டு ஜனம் முழுவதும் ஊத்தாவும் கச்சாவுமாகச் சேற்றில் இறங்கிவிடும். விரால், கெளுத்தி, கெண்டை என்று ஆளாளுக்குத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்த கூச்சலின் நடுவில், கால்சராயை மடித்து விட்டுக்கொண்டு ஒருவர் மட்டும் காலால் சேற்றைத் துழாவி மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் கிளையில் பென்ஷன் வாங்குகிறவர். ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் மீன் தேடிக்கொண்டிருந்த பையன் ஒருவன் கேட்டான்: “மட்டிய எடுத்து என்ன சார் பண்ணப் போறிய?” “உள்ள குடியிருக்கிறவங்களப் பாக்கப் போறேண்டா” என்றார். பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன்.

மட்டி என்ற சொல்லுக்கு அறிவில்லாதவன் என்றும் அர்த்தம் உண்டு. சேற்றில் பாதி புதைந்து, வாயைச் சற்றே திறந்து, தண்ணீரை உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதுமாகக் கிடக்கும் ஒரு பிராணிக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். சின்ன வயதில் அதன் ஓட்டைக் கல்லில் தேய்த்து நடுவில் துளை போட்டு மாங்காய்த் தோல் சீவியிருக்கிறேன். அப்பாயி பானையின் அடியைச் சுரண்டியதும் மட்டி ஓட்டால்தான். அந்த ஓட்டுக்குள் இருந்த ஜீவன் என்னவாயிற்று என்று கேட்கத் தோன்றியதில்லை. அந்த ஜீவனுக்குள் வேறொன்று குடியிருக்கலாம் என்பது எட்டாத விஷயம்.

அன்று மாலை அவர் வீட்டில், இரண்டு ஓடுகளையும் இறுக்கிப் பிடித்திருக்கும் தசையைப் பிளேடால் அறுத்து ஒரு மட்டியைத் திறந்தார். லாமெல்லிடென்ஸ் என்ற பேரினம். இந்தியக் குளங்களில் சாதாரணமாகக் கிடைப்பது. ஓட்டின் உட்புறம் முத்துப் பூச்சு. நடுவே சதை. இரண்டு பக்கமும் மெல்லிய திரைகளாகத் தொங்கும் செவுள்கள். அந்தத் திரைகளின் மடிப்பில் பழுப்பாக, கடுகைவிடச் சிறிய சில புள்ளிகள் இருந்தன. அழுக்கு என்று நினைத்தேன். அழுக்கு நகர்ந்தது. கண்ணாடித் தட்டில் எடுத்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தபோது எட்டுக் கால்களும் ரோமங்களும் தெரிந்தன. வெளிச்சம் பிடிக்காத ஒருவன் விழித்துக்கொண்ட அவஸ்தை அதன் அசைவில் இருந்தது.

இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டேன். அவரிடம் லத்தீன் பெயர் மட்டுமே இருந்தது. யூனியானிகோலா. யூனியோ என்பது மட்டி, கோலா என்றால் குடியிருப்பது. 1842-ல் ஹால்ட்மன் என்ற அமெரிக்கர் வைத்த பெயர். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தென்னை விவசாயிகளுக்கு இதன் தூரத்து உறவு ஒன்றைத் தெரியும். 1998-ல் கேரளத்தில் கண்டறியப்பட்டு நம் பக்கமும் பரவி, குரும்பைகளைச் சொறிபிடிக்க வைத்த ஈரியோபைட்டை அவர்கள் ‘சிலந்தி’ என்பார்கள். (அந்தத் தென்னைகளில் பலவற்றை 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துவிட்டது, அதற்குப் பின் வந்த கடன் மனுக்களைப் படித்தவன் நான்.) மாட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணியும் இதே வகையறாதான். ஆகவே நீருண்ணி என்று சொல்லிக்கொள்கிறேன்.

இவற்றின் வாழ்க்கையை அவர் சொல்லச் சொல்ல, நாவல் எழுதுகிறவர்கள் ஏன் குளத்துப் பக்கம் போவதில்லை என்று எண்ணிக்கொண்டேன். தாய் உண்ணி மட்டியின் சதைக்குள் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால்தான். அது மட்டியை விட்டு வெளியேறித் தண்ணீரில் நீந்தி, மாலை நேரத்தில் விளக்கைச் சுற்றும் கடிக்காத கொசு ஒன்றின் மேல் தொற்றிக்கொள்கிறது. அந்தப் பறவை வாழ்க்கை முடிந்து மறுபடி தண்ணீருக்குத் திரும்பி, மறுபடி ஒரு மட்டியைக் கண்டுபிடித்து, அதன் சதைக்குள் அசையாமல் கிடந்து உருமாறி எட்டுக் கால் பெறுகிறது. எந்த மட்டியும் போதாது. தன் இனத்துக்குரிய மட்டி வேண்டும். அதை எப்படிக் கண்டுகொள்கிறது என்பதற்கு, 1930-களின் தொடக்கத்தில் வெல்ஷ் என்பவர் செய்து பார்த்த பரிசோதனை ஒன்றைச் சொன்னார். வெறும் தண்ணீரில் விட்டால் உண்ணி வெளிச்சத்தை நோக்கி நீந்துகிறது. மட்டி இருந்த தண்ணீரைக் கொஞ்சம் அதில் கலந்துவிட்டால் வெளிச்சத்தை விட்டு விலகி இருட்டை நோக்கித் திரும்பிவிடுகிறது. வீட்டின் வாசனை கிடைத்ததும் வெளிச்சம் வேண்டாமற்போகிறது.

சில இனங்களில் ஒரு மட்டிக்குள் ஓர் ஆணும் பல பெண்களும் இருக்கும். வேறொரு ஆண் வந்தால் சண்டை. சாவு வரைக்கும் போகலாம். ரொனால்ட் டிமாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களில் இதை எழுதியிருக்கிறார். வெளியே மட்டி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. உள்ளே அந்தப்புரமும் யுத்தமும்.

கூடிவாழ்தல் என்று விஞ்ஞானம் இதைச் சொல்கிறது. அந்தச் சொல்லில் நட்பு என்ற அர்த்தத்தை நாம்தான் ஏற்றிவிட்டோம். மட்டியின் சளியையும் சதைநீரையும் உண்டு, செவுளைக் கீறி முட்டையிடும் குடித்தனத்தில் மட்டிக்கு என்ன லாபம் என்று கேட்டேன். “லாபம் இருக்கணும்னு யார் சொன்னா? சேர்ந்து இருக்கு. அவ்வளவுதான் வார்த்தைக்கு அர்த்தம்” என்றார்.

இதையெல்லாம் கவிதையும் விமர்சனமும் வெளியிடும் ஒரு பத்திரிகையில் ஏன் எழுதுகிறேன் என்றால், அவர் அதற்குப் பிறகு சொன்ன விஷயம் என் எட்டு வருஷத்து எழுத்தின் மேல் கை வைத்தது.

யூனியானிகோலாவில் 200-க்கும் மேற்பட்ட இனங்களைப் பிரித்திருக்கிறார்கள். சுமார் பாதி, மட்டியிலும் நத்தையிலும் வாழ்கின்றன. இந்திய நீருண்ணிகளைப் பற்றி டேவிட் குக் 1967-ல் 400 பக்கத்துக்கு மேற்பட்ட நூல் ஒன்றை வெளியிட்டார். அது காலும் நகமும் ரோமமும் தகடும் பார்த்து எழுதிய நூல். அப்போது வேறு வழி கிடையாது. இப்படிப் பார்ப்பதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. செவுளின் மடிப்புக்குள் பிடித்துத் தொங்க வேண்டிய உண்ணிக்கு அதற்கேற்ற நகம் வேண்டும். மட்டியின் பாதத்தில் ஊர்கிறதற்கு வேறு மாதிரி கால் வேண்டும். ஒரே மாதிரி இடத்தில் வாழ்ந்தால், உறவில்லாத இரண்டுக்கும் ஒரே மாதிரி நகம் வந்துவிடலாம். நகத்தைப் பார்த்து இரண்டையும் அண்ணன் தம்பி என்று எழுதிவிடுவோம். இதற்கு நேர்மாறாக, பார்வைக்கு ஒன்றாகவே இருப்பவை உள்ளே வெகு காலத்துக்கு முன் பிரிந்துபோனவையாக இருக்கலாம். வட அமெரிக்காவில் இரண்டு வேறு மட்டிகளில் வாழ்ந்த உண்ணிகளை ஒரே இனம் என்று வைத்திருந்தார்கள். 1990-களில் டேல் எட்வர்ட்ஸும் மால்கம் விட்ரினும் அவற்றை நுணுகிப் பார்த்து, ஒன்றை யூனியானிகோலா ஃபாய்லி என்று தனியாகப் பிரித்தார்கள்.

டி.என்.ஏ. இந்த இடத்தில் வருகிறது. உண்ணியை அரைத்து, அதன் டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் கோடிக்கணக்கான நகல்களாகப் பெருக்குகிறார்கள். 2020-க்குப் பிறகு மூக்கில் குச்சி விட்டுக்கொண்ட எல்லோருக்கும் பெயராவது தெரிந்த பி.ஸி.ஆர்.தான். பெரும்பாலும் எடுப்பது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஸைட்டோக்ரோம் ஆக்ஸிடேஸ் என்ற ஜீனில் சுமார் 650 எழுத்துக்கள். அ, ஆ மாதிரி 247 இல்லை, நான்கே எழுத்து. ஒவ்வோர் உண்ணியிலிருந்தும் வந்த வரியை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, எங்கே மாறுகிறது என்று பார்க்கிறார்கள். எட்வர்ட்ஸ், விட்ரின், எர்ன்ஸ்டிங் மூவரும் வட அமெரிக்க மட்டியுண்ணிகளுக்கு இப்படி ஒரு வம்சவிருட்சம் வரைந்து 2010-ல் வெளியிட்டார்கள். செவுளில் வாழ்வது ஒரு முறை தோன்றிய பழக்கமா, பல முறை தனித்தனியே தோன்றியதா என்று கேட்க அப்படி ஒரு விருட்சம் கையில் இருக்க வேண்டும். அதற்கு ஒரு வருஷம் முன்பு, ஃபாய்லியின் மைட்டோகாண்ட்ரியா முழுவதையும் படித்தபோது, அதில் ஜீன்கள் அடுக்கப்பட்ட வரிசையே மற்றப் பிராணிகளில் காணாததாக இருந்தது. பாட்டு அதேதான், சரணங்கள் இடம் மாறிக் கிடக்கின்றன.

நான் கேட்ட கேள்வி ஒரு குமாஸ்தாவின் கேள்வி. எழுத்து ஒத்துப்போவதை வைத்துத்தானே உறவு சொல்கிறீர்கள். நகம் ஒத்துப்போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர் சொன்ன பதிலை நான் புரிந்துகொண்ட வரையில் எழுதுகிறேன். அந்தப் பாஷை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. மூன்றில் கடைசி எழுத்து மாறினால் பெரும்பாலும் அர்த்தம் மாறுவதில்லை. அர்த்தம் மாறாததால் உண்ணி சாவதும் இல்லை, அதற்கு லாபமும் இல்லை. பிழை அப்படியே பிள்ளைக்குப் போகிறது, பேரனுக்குப் போகிறது. நகம் பயன்படுகிற பொருள். பயன்படுவது எங்கே தேவையோ அங்கே யாருக்கும் வந்து சேரலாம். ஒன்றுக்கும் உதவாத பிழை ஒரே இடத்தில் இரண்டு பேரிடம் இருந்தால், இரண்டு பேரும் அதை ஒரே இடத்திலிருந்து வாங்கியிருக்க வேண்டும்.

உடனே அவரே அதை மட்டுப்படுத்தவும் செய்தார். காலம் மிக நீண்டுவிட்டால் ஒரே எழுத்தின் மேல் மறுபடி மறுபடி மாற்றம் எழுதப்பட்டுத் தடயம் கரைந்துவிடும். இருப்பது நான்கு எழுத்து என்பதால் தற்செயலாகவும் பொருந்திவிடும். வேகமாக மாறும் இரண்டு கிளைகள் உறவுபோல வந்து ஒட்டிக்கொள்வது உண்டு. மைட்டோகாண்ட்ரியா தாய்வழி வருவது. ஆகவே கிடைக்கிற கதை பாட்டிகளின் கதை மட்டுமே. (மட்டிகளில் அதுகூட அப்படியில்லை. தகப்பனின் மைட்டோகாண்ட்ரியா மகன்களுக்குத் தனியே இறங்கும் வழக்கம் அவற்றில் உண்டாம்.)

இன்னொன்று சொன்னார். அதை நான் குறித்துவைத்துக்கொண்டேன். உண்ணி மட்டியைத் தின்று வாழ்கிறது. அதை முழுசாக அரைத்தால் வயிற்றிலிருக்கும் மட்டியின் டி.என்.ஏ.யும் கூடவே வரும். கவனமில்லாதவன் மட்டியின் எழுத்தைப் படித்துவிட்டு உண்ணியின் பரம்பரை என்று எழுதிவிடுவான். “எது வயித்துல இருக்கு, எது உடம்புல இருக்குன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியணும் சார். அதான் வேலையே.”

கையொப்பத்தை ஒத்துப் பார்ப்பது என் தொழிலில் ஒரு பகுதி. முன்பு அட்டையில் இருந்த மாதிரிக் கையொப்பம் இப்போது திரையில் வருகிறது. எங்கள் தொழிலில் பழையவர்கள் ஒன்று சொல்வார்கள்: இரண்டு கையொப்பங்கள் அச்சாக ஒத்துப்போனால் சந்தேகப்படு. மெய்யான கை ஒவ்வொரு தரமும் கொஞ்சம் பிசகும். நகல் எடுக்கிறவன்தான் பிசகமாட்டான். தினமும் இந்த அறிவோடு உட்கார்ந்து காசு கொடுக்கிற நான், சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கவிதையைப் பற்றி எழுதும்போது இதைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

2016-ல் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். எழுதியவர் அறந்தாங்கிப் பக்கத்தில் உரக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். அவருக்கு அது முதல் தொகுப்பு. நானும் அப்போதுதான் விமர்சகன் என்று நாலு பேரால் அறியப்பட ஆரம்பித்திருந்தேன். எனக்கு ஒரு கண்டுபிடிப்பு தேவைப்பட்டது. கண்டுபிடித்தேன். அந்தத் தொகுப்பு, நாம் எல்லோரும் மதிக்கும் ஒரு மூத்த கவிஞரின் நிழல் என்று நாலு பக்கத்தில் ருஜுப்படுத்தினேன். வற்றிய கண்மாய் இருவரிடமும் இருந்தது. இருவரிடமும் ‘நான்’ இல்லை. வரிகள் பெயர்ச்சொல்லில் முடிந்தன. கருவேலம், வெயில், ஆளில்லாத பஸ் நிறுத்தம். இரண்டு பேருடைய வரிகளையும் எதிரெதிர்ப் பத்தியில் போட்டிருந்தேன். படித்தவர்கள் பாராட்டினார்கள். அந்தப் பத்தி அமைப்பைக் குறிப்பாகப் பாராட்டினார்கள்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து தபால் கார்டு வந்தது. ஒரே வாக்கியம். நீங்கள் எழுதியுள்ள கவிஞரின் புத்தகம் எங்கே விலைக்குக் கிடைக்கும் என்று தெரியப்படுத்தினால் வாங்கிப் படிக்க ஏதுவாக இருக்கும். கீழே கையொப்பம். கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன். நல்ல கிண்டல் என்று நண்பர்களிடம் காட்டினேன். பதில் போடவில்லை. அதன் பிறகு அவர் கவிதை எந்தப் பத்திரிகையிலும் வந்து நான் பார்க்கவில்லை.

பேராசிரியர் வீட்டிலிருந்து வந்த இரவு எனக்கு நினைவு வந்தது அந்தத் தபால் கார்டு.

இந்த இடத்தில் நான் பி.ஏ.யில் ஆங்கிலம் படித்தவன் என்பதும் ஞாபகத்துக்கு வர வேண்டியிருந்தது. சாஸரின் முன்னுரையைப் பாடமாக வைத்திருந்தார்கள். வாத்தியார் உரையைப் படித்தார், நாங்கள் வாத்தியாரைப் படித்தோம். சாஸர் கைப்பட எழுதியது எதுவும் மிஞ்சவில்லை, கிடைப்பதெல்லாம் பிரதி எடுத்தவர்களின் கை என்று ஒரு வரி சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். அந்த ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது என்று இப்போதுதான் தேடிப் பார்த்தேன். காண்டர்பரி கதைகளில் பாத் ஊர்ப் பெண்மணியின் முன்னுரைக்கு 15-ஆம் நூற்றாண்டுக் கைப்பிரதிகள் 58-ஐ எடுத்துக்கொண்டு, உயிரியல்காரர்கள் டி.என்.ஏ.வுக்குப் பயன்படுத்தும் அதே கணக்கில் போட்டு, பிரதிகளின் வம்சவிருட்சத்தை வரைந்தார்கள்; 1998-ல் நேச்சர் பத்திரிகையில் வந்தது. ஒரு வரியை எல்லோரும் சரியாக எழுதியிருந்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஒரே இடத்தில் ஒரே மாதிரித் தவறியவர்கள் ஒரே பிரதியைப் பார்த்து எழுதியவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் லாக்மனின் வழி வந்த பதிப்பாசிரியர்கள் இதைக் கையாலேயே செய்துவந்தார்கள். நம் ஊரில் ஏட்டுச் சுவடிகளை வைத்துப் பாடபேதம் பார்த்து 1887-ல் சிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையருக்கும், எந்த ஏடு எந்த ஏட்டின் பிள்ளை என்ற நினைப்பில்லாமல் வேலை நடந்திருக்காது. உண்ணிக்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம். எங்கள் படிப்பில் இருந்ததை நாங்கள் படிக்கவில்லை.

சித்தன்னவாசலைப் பற்றி நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். விதானத்தில் தாமரைக் குளம், மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கும் இளைஞர்கள். அந்த ஓவியங்களை வெகு காலம் பல்லவ மகேந்திரவர்மன் காலத்தவை என்றே எழுதிவந்தார்கள். சாயல் அப்படி இருந்தது. ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்தான் என்று சொல்லும் கல்வெட்டு பக்கத்துப் பாறையிலேயே இருந்தது. அதைப் படித்த பிறகுதான் 9-ஆம் நூற்றாண்டுக்கு, பாண்டியர் பக்கம் வந்தார்கள். மதிப்புரை எழுதிய வருஷத்தில் நான் இரண்டு தரம் அங்கே போயிருக்கிறேன்.

ஆகவே இரண்டு தொகுப்புகளையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். லெட்ஜர் தாளில் இரண்டு பத்தி போட்டேன். முன்பு நான் காட்டிய ஒற்றுமைகளை முதலில் எழுதினேன். வற்றிய கண்மாய்: புதுக்கோட்டையில் பிறந்தவன் வேறு எதை எழுதுவான்? ‘நான்’ இல்லாமை: அந்தப் பத்து வருஷத்தில் புதுக்கவிதை எழுதியவர்கள் அதைக் கூச்சத்தோடு தவிர்த்துக்கொண்டிருந்தார்கள். பெயர்ச்சொல்லில் முடிவது, கருவேலம், வெயில். எல்லாமே நகங்கள். அந்த மட்டிக்குள் வாழ்கிறவனுக்கு வேண்டியவை. ஒன்றைக்கூட ருஜுவாக நிறுத்த முடியவில்லை.

பிறகு ஒன்றுக்கும் உதவாதவற்றைத் தேடினேன். ஒற்றுப் பிழை, கால்புள்ளி போடும் வழக்கம், தேவையில்லாமல் வரும் சொல், தப்பாகப் புரிந்துகொண்ட சொல். உரக்கடைக்காரர் நேரத்தைச் சொல்லும்போதெல்லாம் ‘அதற்குப் பின்னால்’ என்று எழுதுகிறார். மூத்தவரிடம் ஒரு இடத்திலும் அது இல்லை. மூத்தவருக்கு ‘மெல்ல’ என்ற சொல் ஒரு பலவீனம். இவரிடம் மருந்துக்கும் இல்லை. இவர் வல்லின ஒற்றை விடும் இடங்களும் அவர் விடும் இடங்களும் வேறு வேறு. இரண்டு இரவு பார்த்தேன். பொதுவான பிழை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இதனால் இவர் அவரைப் படித்ததே இல்லை என்று நிரூபணமாகிவிடாது. ஆனால் நான் நிரூபித்ததாக எழுதியது நிரூபணமே இல்லை. அந்தத் தபால் கார்டில் கிண்டல் இல்லை. ஒரு மனுஷன் ஒரு புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறான்.

இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு மன்னிப்போடு போயிருக்கும். மூன்றாவது இரவு, லெட்ஜர் தாள் மிச்சமிருந்ததால், என் மதிப்புரையையே ஒரு பத்தியில் போட்டேன். இன்னொரு பத்தியில் 1980-களில் தீவிரமாக எழுதிய ஒரு விமர்சகரின் கட்டுரைகள். அவரை எதிர்க்கவே நான் எழுத வந்தேன் என்று கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். அவருடைய அபிப்பிராயங்கள் என்னிடம் இல்லை. அது சரிதான். ஆனால் பத்திக் கடைசியில் ‘என்று படுகிறது’ என்று அவர் முடிப்பார். நானும் முடிக்கிறேன், என் மதிப்புரையில் ஐந்து இடத்தில். ‘ஆனால்’ என்பதற்கு முன் அரைப்புள்ளி வைப்பது அவர் வழக்கம், என்னுடையதும். இது தொற்று, யாருக்கும் வரலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதன் பிறகு ஒரு வருஷத்தைப் பார்த்தேன். ஒரு பழைய கவிதைத் தொகுப்பு வெளிவந்த ஆண்டை அவர் நான்கு வருஷம் தள்ளித் தவறாக எழுதியிருக்கிறார். ஞாபகத்திலிருந்து எழுதியிருப்பார். என் மதிப்புரையிலும் அதே தொகுப்புக்கு அதே தவறான ஆண்டு இருக்கிறது. அந்தத் தொகுப்பு என் அலமாரியில் இருக்கிறது. அதன் முதல் பக்கத்தில் சரியான ஆண்டு அச்சாகியிருக்கிறது.

உரக்கடைக்காரரின் வயிற்றில் இருந்ததை உடம்பு என்று எழுதியவன், என் உடம்பில் இருந்ததை வயிற்றில் இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அவரைப் படித்தேன், ஜீரணித்தேன், தாண்டினேன் என்று. தாண்டவில்லை. அவர் எழுதாத எதையும் எழுதினேனா என்பதை இன்னும் லெட்ஜரில் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு இப்போது தைரியமில்லை.

இதைப் பேராசிரியரிடம் சொன்னபோது அவருக்கு என் வெட்கம் புரியவில்லை. விருட்சத்தில் ஓர் இடம் கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்றார். எங்கள் கண்மாய் மட்டிக்குக்கூட அப்படித்தானாம். 2011-ல் வந்த டி.என்.ஏ. ஆய்வு ஒன்றும் அதன் பின் வந்தவையும், இந்திய மட்டிகள் பலவற்றை ஆப்பிரிக்க ஏரிகளிலும் ஆறுகளிலும் இருக்கும் மட்டிகளோடு ஒரே குடும்பக் கிளையில் வைத்திருக்கின்றன. “நம்ம சேத்துல கெடக்குறதுக்குத் தங்கானிகா ஏரியில சொந்தக்காரங்க இருக்காங்க சார். அதுக்குத் தெரியுமா?” என்றார். அதன் உள்ளே இருக்கும் உண்ணிகளுக்கும் அப்படி ஓர் உறவு அங்கே இருக்குமா என்று கேட்டேன். வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் சேர்ந்தே பயணம் செய்தார்களா, குடித்தனக்காரர் நடுவில் வீடு மாறினாரா. அதற்குத்தான் இரண்டு விருட்சத்தையும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அவரிடம் இருப்பது ஒரு மைக்ராஸ்கோப்பும் ஸ்பிரிட் ஊற்றிய நாற்பது சின்னக் குப்பிகளும். ஒவ்வொன்றிலும் கண்மாய்ப் பெயரும் தேதியும் பென்சிலால் எழுதிய துண்டுத்தாள் மிதக்கிறது. யாராவது ஒரு நாள் கேட்பார்கள் என்று வைத்திருக்கிறார்.

உரக்கடைக்காரரின் விலாசம் பாங்க்கில் தேடினால் கிடைத்திருக்கும். அந்த மாதிரித் தேடக் கூடாது என்பது விதி. தேடவில்லை. தபால் கார்டில் ஒரு விலாசம் இருந்தது, அதற்கு எழுதினேன். பதில் இல்லை. ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை, நகைக்கடன் புதுப்பிக்கும் கூட்டத்தில், திரையில் ஒரு கையொப்பம் வந்தது. அதை நான் பார்த்திருக்கிறேன். நிமிர்ந்தேன். நரைத்திருந்தார். கூட அவர் மனைவி, கையில் பழைய மஞ்சள் பை.

என் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “ஆமா, எழுதியிருந்தீக” என்றார். லெட்டர் கிடைத்ததா என்று கேட்டேன். வீடு மாறி நாலு வருஷமாச்சு என்றார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். நான் தப்பாக எழுதிவிட்டேன் என்பதைக் கண்ணாடித் துவாரத்தின் வழியாக, சத்தமாக, நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். “அதெல்லாம் இருக்கட்டும் சார்” என்றார். மனைவி அவரைப் பார்த்தாள். இப்போது எழுதுகிறீர்களா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

மூத்த கவிஞரின் தொகுப்பு இரண்டு மாதமாக என் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. எடுத்துத் துவாரத்தின் வழியே நீட்டினேன். அட்டையைப் பார்த்தார். “இதுதானா அது?” என்றார். நடுவில் பிரித்து நின்றவாக்கிலேயே ஒரு பக்கம் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விலை என்ன என்று பின்னட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மஞ்சள் பைக்குள், நகைக்கடன் ரசீதுகளோடு சேர்த்து வைத்துக்கொண்டு, வட்டி எவ்வளவு ஆகியிருக்கிறது என்று கேட்டார்.